வழிந்தால்தான் நம்புவார்கள்

சிமெண்ட் மூட்டையும் கம்பியும் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டிகள் நிற்கிற யார்டு அது. பின்சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. கொட்டகை நடுவில் நீளவாக்கில் ஒரு குழி. வண்டியை அதன்மேல் நிறுத்திவிட்டால் கீழே நின்றுகொண்டு அடிப்பக்கம் முழுவதையும் கையால் தொடலாம். குழியின் பின்கோடியில் படிகள், படி முடிகிற இடத்தில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அறையும் அடுப்படியும் குளிக்க ஒரு மூலையும். கிரீஸ் அடிக்கிற ஆளுக்கு யார்டு கொடுத்த வீடு. கிரீஸ் அடிக்கிற வரைக்கும்தான் வீடு. இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் எப்போதும் பலம் அதிகம்.

அந்த வீட்டில் இரண்டு பேர். ஒருவரை டிரைவர்கள் கிரீஸ் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். மற்றவள் அவர் மனைவி. அவளுக்கு ஒரு பட்டப்பெயர்கூடக் கிடையாது. 'அண்ணன் வீட்டுக்காரி', அவ்வளவுதான். பெற்ற ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது இந்த வீட்டுக்காரியைப் பற்றித்தான்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் அடியில் அசைகிற ஒவ்வொரு மூட்டிலும் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். நிப்பிள் என்பார்கள். ஸ்டியரிங் திரும்புகிற இடம், சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயிண்ட், ஸ்பிரிங் பட்டைகள் தொங்குகிற இடம், பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டின் முனைகள் என்று எல்லாவற்றிலும் இருக்கும். நிப்பிளைத் துடைத்து, கிரீஸ் கன் என்கிற கைப்பம்பின் வாயை அதில் மாட்டி, பிடியை அமுக்க வேண்டும். உள்ளே கிடக்கும் பழைய கிரீஸ் மண்ணும் தண்ணீரும் குடித்துக் கறுத்துப்போய் ஓரத்தில் பிதுங்கி வரும். புதுசின் நிறம் தெரிகிற வரை விடக்கூடாது. ரப்பர் உறை போட்ட ஜாயிண்டாக இருந்தால் உறை லேசாக உப்பியதும் நிறுத்தியாக வேண்டும், இல்லையென்றால் கிழியும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் எல்லாமே தலைக்குமேல். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே செய்கிற வேலை. துப்பாக்கியைக் காட்டினால் கையைத் தூக்குவார்களே, அந்த மாதிரி அந்த மனிதர் ஆயுளின் பெரும்பகுதியை நின்றே கழித்தார்.

வலது தோள் இறுகிவிட்டது. முதலில் வலி என்றார். அப்புறம் சட்டை போடுவதற்கே அவள் கையைப் பிடித்து நுழைக்க வேண்டியதாயிற்று. டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். அது எந்தக் கடையில் விற்கிறது என்று சீட்டில் எழுதவில்லை.

அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. இடது கையால் சமாளித்தார். எட்டின நிப்பிளுக்கு அடித்தார், எட்டாததை விட்டுவிட்டார். அவள் அடுப்படியில் இருந்தபடியே அந்தக் கொட்டகையைப் பல வருடம் கேட்டவள். வண்டி வளைவில் திரும்பும்போது கத்துகிறதா, கத்தாமல் போகிறதா என்று காது சொல்லிவிடும். ஒருநாள் வாசலில் ஒரு பிக்கப் கிரீச்சென்று திரும்பியது. முந்தின நாள் குழிமேல் நின்ற வண்டிதானே அது என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மறுநாள் அவர் குழியில் நின்றபோது அவள் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்க் கன்னை வாங்கிக்கொண்டாள். வெட்கப்பட்டால்கூடக் கையைத் தூக்கி முகத்தை மூட முடியாத நிலைமை அவருக்கு.

அன்றிலிருந்து நாடகம் ஆரம்பித்தது. டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், அது ஒரு சௌகரியம். போகாதவன் இருந்தால் அண்ணன் இரண்டு கையிலும் கிரீஸைப் பூசிக்கொண்டு குழிவிளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தபடி இருப்பார். மேக்கப். ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டி வந்தால் கீழேயிருந்து அவள் ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது. அண்ணன் உடனே எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, லெஃப்ட்ல ஒடிப்பா என்று கத்துவார். கீழே தட்டுறது யாருண்ணே என்று ஒருத்தன் கேட்டானாம். எலி என்றாராம். ஸ்பேனர் பிடிக்கிற எலி.

வேலையைக் காட்டிலும் இந்த ஒளிதல்தான் அவளைத் தின்றது. காலையில் அடுப்படி, துணி, தண்ணீர். வண்டிகள் திரும்பி வரும் நேரத்துக்குக் குழி. குழிக்குள் இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். வெளியே வரும்போது கையில் ஒரு அழுக்குத் துணிமூட்டை, வண்டி துடைக்கிற வேஸ்ட் துணி துவைக்கிறவள் என்று நினைத்துக்கொள்வதற்காக. நகத்துக்குள் புகுந்த கறுப்பை மறைக்கக் கடைக்குப் போனால் முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்வாள். நான் இருந்த தொழிற்சங்கத்தில் நாங்கள் வேலைப்பளு என்று ஒரு வார்த்தையைப் பக்கம் பக்கமாக அச்சடித்தோம். இந்தப் பளுவை அதில் யாரும் சேர்க்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை எத்தனை நாள் ஓடும்? மாட்டிக்கொண்டார்கள். ஆனால் மாட்டியது அவள் சரியாகச் செய்யாததால் அல்ல. அதிகம் சரியாகச் செய்ததால்.

அவளுக்கு ஒரு வழக்கம். அடித்து முடித்ததும் வெளியே பிதுங்கி நிற்கிற கிரீஸைத் துணியால் வழித்துச் சுத்தமாகத் துடைத்துவிடுவாள். கறுப்பு, புதுசு எல்லாம் போய் ஜாயிண்ட் பளிச்சென்று இருக்கும். துடைக்காவிட்டால் மண் வந்து ஒட்டும், மண் மறுபடி உள்ளே போகும் என்பது அவள் கணக்கு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் அப்படியே விட்டுவிட்டா வருவோம் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். கணக்கு தப்பில்லை.

ஆனால் அண்ணன் வாழ்நாளில் துடைத்தது கிடையாது. குழிக்குள் நடக்கிற வேலைக்குச் சாட்சி இல்லை. வழிந்து நிற்கிற கிரீஸ்தான் சாட்சி. டிரைவர் குனிந்து பார்ப்பான், சொதசொதவென்று தொங்கினால் திருப்தியாகப் போய்விடுவான். இது அந்தக் கொட்டகையின் வேதம். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது சொல்லித் தருவார்களா?

டிரைவர்களில் வாயாடி என்று ஒருத்தன். பேர் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். அவன் ஒருநாள் குனிந்து பார்த்தான், கையை விட்டுத் தடவினான், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்தவன் வண்டிக்கு அடியிலும் பார்த்தான். அதிலும் இல்லை. அண்ணன் கிரீஸே அடிப்பதில்லை, யார்டு வாங்கிக் கொடுக்கிற கிரீஸ் பக்கெட்டை வெளியே விற்கிறார் என்று டீக்கடை முழுக்கப் பரப்பிவிட்டு, சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

சூப்பர்வைசர் பொல்லாதவர் இல்லை. அவரும் முன்னால் வண்டி ஓட்டி இடுப்பு ஒடிந்தவர்தான். ஓனர் ஒரு பக்கம், டிரைவர்கள் ஒரு பக்கம், இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம். வந்தவர் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு, இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று சங்கடத்தோடு சொன்னார். அடித்ததுதான், துடைத்திருக்கிறது என்றார் அண்ணன்.

"துடைச்சிருக்கா?" என்றான் வாயாடி. "எங்க வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு இவ்வளவு சுத்தமா இருக்காது சார். இத்தனை வருஷத்துல அண்ணன் மூக்கைத் துடைச்சே நான் பார்த்ததில்ல. இப்ப ஜாயிண்டைத் துடைக்கிறாராம்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற வண்டிக்குத் தன் கண் முன்னாலேயே அடித்துக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் குழியின் முன்பக்கம் சாத்தியிருந்த ஏணியில் இறங்கினார். கதவுக்குப் பின்னால் அவள் கரண்டியும் கையுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்ன நடக்கப்போகிறது என்று. கை ஏறாது. கை ஏறாது என்று தெரிந்துவிட்டால் வேறு ஆள் வருவான். வேறு ஆள் வந்தால் இந்தக் கதவு, இந்த அடுப்படி, எல்லாம் அவனுக்கு. மகள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் எத்தனை நாள் முகம் கோணாமல் சோறு போடுவார்கள் என்பதையும் அவள் யோசித்து முடித்திருந்தாள்.

அண்ணன் இடது கையால் கன்னைத் தூக்கி நிப்பிளில் மாட்டினார். பிடியை அமுக்க வலது கை வேண்டும். அது நெஞ்சு உயரத்துக்கு வந்து, அதற்குமேல் வராமல் நின்றது. முகம் வேர்த்தது. கன் நழுவி, கிரீஸ் அவர் கழுத்தில் விழுந்தது. நிப்பிள் அடைத்திருக்கிறது என்றார். இன்னொரு தடவை தூக்கினார். மேலே எல்லாரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவள் கரண்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"தள்ளுங்க" என்றாள்.

கன்னை வாங்கினாள். நிப்பிளைத் துடைத்தாள், மாட்டினாள், அமுக்கினாள். கறுப்பு வந்தது, கறுப்புக்குப் பின்னால் புதுசு வந்தது. அடுத்ததற்குப் போனாள். ஒரு கையால் சட்டத்தைத் தட்டி, ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி அவள் சைகை காட்டியபோது வாயாடியே ஓடிப்போய்த் திருப்பினான். எலி யாரென்று அவனுக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அவள் கை தானாக இடுப்பில் செருகியிருந்த துணிக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் கிரீஸை வழித்துத் துடைத்தாள். சூப்பர்வைசர் எத்தனை நாளாக என்று கேட்டார். மழைக்கு முன்னாலிருந்து என்றாள்.

அவர் டிரைவர்களை டீ குடிக்கப் போகச் சொன்னார். அவர்கள் போனதும் குழிவிளிம்பில் உட்கார்ந்து குரலை இறக்கினார்.

"அண்ணனுக்குக் கை வராதுன்னு தெரிஞ்சா ஓனர் வேற ஆளை வெச்சிருவாரும்மா. வீடும் போயிரும். தெரியும்ல?"

"தெரியாமயா சார் குழியில நிக்கிறேன்."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு வழி சொன்னார்: நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அண்ணன் பழையபடி மேலே இருக்கட்டும், நீங்கள் கீழே இருங்கள். டிரைவர்கள் வாயை நான் அடைக்கிறேன். துடைக்க மட்டும் துடைக்காதீர்கள், வழிந்தால்தான் நம்புவார்கள் என்றார்.

நல்ல மனசோடு சொன்னதுதான். அண்ணன் சரி சார், சரி சார் என்று இரண்டு தடவை தலையாட்டிவிட்டார். பிழைத்தோம் என்று அவருக்கு. யாராயிருந்தாலும் அந்த இடத்தில் தலையைத்தான் ஆட்டியிருப்பார்கள். அவள் ஆட்டவில்லை.

"முடியாது சார்" என்றாள். "வேலையைச் செஞ்சிருவேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்ய முடியல. நான்தான் அடிக்கிறேன்னு ஓனர்கிட்ட சொல்லிருங்க. வேண்டாம்னா அவரே வேண்டாம்னு சொல்லட்டும்."

அண்ணன் அவளைப் பார்த்தார். கழுத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இருக்கிற கூரையை நீயே பிடுங்குறியே."

"இருமக்கூட முடியாத வீட்டுல கூரை எதுக்குங்க?"

சூப்பர்வைசர் எழுந்து, சொல்லிப் பார்க்கிறேன் என்று போனார்.

பதில் உடனே வரவில்லை. கிணற்றில் போட்ட கல். வண்டிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள், இப்போது எல்லார் கண்முன்னாலும், வேண்டுமென்கிற மட்டும் இருமிக்கொண்டு. டிரைவர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். குழிக்கு மேலே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். சட்டை போடும்போது மட்டும் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். அவள் நுழைத்துவிட்டாள். அவளும் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பேசுவதற்குத் தெம்பு வேண்டும்.

ராத்திரிகளில் பாத்திரங்களை மனதுக்குள் மூட்டை கட்டிப் பார்ப்பாளாம். பெரிய சட்டி எதற்குள் அடங்கும், ஸ்டவ்வை யார் தூக்குவது என்று. யோசித்துக்கொண்டே தூங்கிவிடுவாளாம், முடிச்சுப் போடுவதற்குள்.

கடைசியில் சூப்பர்வைசர் வந்து சொன்னார். ஓனர் வேறு யாருடனோ போனில் பேசியபடியே விஷயத்தைக் காதில் வாங்கினாராம். வண்டி கத்தாமல் ஓடுகிறதா என்று கேட்டாராம். ஓடுகிறது என்றதும், அப்புறம் யார் அடித்தால் எனக்கென்ன, டிரைவர்கள் புகார் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் என்று மறுபடி போனுக்குப் போய்விட்டாராம்.

இதுதான் வெற்றி. கூட்டம் போட்டுச் சொல்கிற மாதிரியான வெற்றி இல்லை. ஒரு மனிதருக்கு அக்கறை இல்லாததால் கிடைத்தது. உரிமை என்று நாம் பேசுவதில் பாதி இப்படித்தான் கிடைக்கிறது. மேலே இருப்பவன் கவனிக்காத நேரத்தில், கேட்க ஒரு ஆள் இருந்ததால். அவள் கேட்டாள். அதை மட்டும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

டிரைவர்கள் புகாருக்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். அடித்து முடித்ததும் வழக்கம்போலச் சுத்தமாகத் துடைப்பாள். பிறகு விரல்நுனியில் புதுக் கிரீஸைத் தொட்டு, குனிந்தால் கண்ணில் படுகிற முன் ஜாயிண்டில் மட்டும் வெளிப்பக்கமாக ஒரு பொட்டு வைப்பாள். அந்தப் பொட்டால் வண்டிக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை, அது பார்க்கிறவனுக்கு. வாயாடி குனிந்து பார்த்துவிட்டு, இப்பதான்க்கா கிரீஸ் அடிச்ச மாதிரி இருக்கு என்றானாம். அவனோடு வாயைக் கொடுக்க அவளுக்கு நேரமில்லை.

தோள் அவளுக்கும் வலிக்கத் தொடங்கிவிட்டது. அவருக்கு வலித்த அதே இடம். வாரத்தில் ஒரு நாள் குழியை மூடப் போகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அண்ணன் காலத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லையே என்று அவர் இழுத்தார். அதனால்தான் அவருக்குத் தோள் போச்சு என்றாள். அவர் இடுப்பைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

முதல் விடுமுறை நாளன்று அவள் குழிமேல் பலகைகளைப் போட்டு மூடினாள். வீட்டைப் பெருக்கவில்லை. பாயில் போய்ப் படுத்தவள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. வெளியே ஒரு பிக்கப் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்து, கையை ஊன்றப் பார்த்தாள். அதற்குள் அண்ணன் எழுந்து வெளியே போனார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் கொட்டகைக்குள் கால் வைத்தது அன்றுதான்.

டிரைவர் ஏதோ கெஞ்சுவது கேட்டது. தூரமான லோடு, விடியலில் கிளம்பணும், அண்ணே நீங்களாவது இறங்கி ரெண்டு போடு போட்டுவிடக் கூடாதா என்றான். என்ன பொய் சொல்லப்போகிறாரோ என்று அவள் காத்திருந்தாளாம்.

"எனக்குக் கை வராதுப்பா" என்றார் அண்ணன். "கை போயி ரொம்ப நாளாச்சு. அவதான் அடிக்கிறா. இன்னிக்கு அவளுக்கு லீவு. நாளைக்கு வா."

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அதைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று பிற்பாடு நான் அவளிடம் கேட்டேன். அழுகை வந்தது, நெஞ்சு நிறைந்தது என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் நகத்திலிருந்த கறுப்பை ஒரு குச்சியால் நோண்டிக்கொண்டே யோசித்தாள்.

"தூக்கம் வந்துச்சு" என்றாள்.